உப்பிட்ட கரையில் உபசாரம் எங்கே?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது தமிழ்நாட்டில் குழந்தைகளும் அறிந்த பழமொழி. சோறிட்டவரை என்னாமல் உப்பிட்டவரை என்று பெரியோர் சொல்லி வைத்ததில் ஆழ்ந்த கருத்திருக்கிறது. அறுசுவை விருந்தைச் செல்வன்தான் அளிக்க முடியும். ஒரு கல் உப்பைப் பரம ஏழையும் அளிக்கலாம். கொடுத்த பொருளின் விலையை எண்ணாமல் கொடுத்த மனத்தை எண்ணி நன்றி பாராட்டுக என்பதே அதன் தாத்பரியம். இவ்வாறு உப்பையே உபசாரத்தின் அடையாளமாகக் கொண்ட ஒரு ஜனசமூகம், உப்பு விளையும் கடற்கரையிலேயே வந்தவரை வரவேற்கும் முறையை மறந்துவிடுமானால், அதைச் சில பிரயாணிகளின் சௌகரியக் குறைவு என்று தள்ளிவிடுதல் தகாது. நாட்டின் நற்குணங்களில் ஒன்று தேய்ந்து வருகிறது என்றே கொள்ள வேண்டும். மரக்காணம் பகுதியில் நாம் நேரில் கண்டதை முன்னிட்டு இவ்விஷயத்தைத் தமிழ் மக்களின் ஆலோசனைக்குக் கொண்டுவருகிறோம்.

விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த மரக்காணம், சென்னையிலிருந்து புதுவை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுவைக்கு வடக்கே இருக்கிறது. இந்தியாவில் உப்பு விளைவில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டிலே தூத்துக்குடி, வேதாரணியம் என்ற பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்படுவது மரக்காணம். மழை ஓய்ந்த பின் பாத்திகளைச் செப்பனிட்டு, உவர்நீர் பாய்ச்சி, வெயில் ஏற ஏற வெள்ளை பூத்து வரும் உப்பைப் பலகையால் வாரி வரப்பிலே குவிக்கிறார்கள். விடியுமுன் உவர்நீரில் இறங்கும் கால்கள் வெடித்துப் புண்ணாகின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் அளங்கள் மூழ்கும்போது அவர்களுடைய ஜீவனமும் உடன் மூழ்கிவிடுகிறது. அருகிலே கழுவெளி என்னும் பெரிய நீர்ப்பரப்பு. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊரிலே சோழர் காலக் கல்வெட்டுகளையுடைய பூமீசுவரர் ஆலயம். சற்று வடக்கே, 1760-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்த ஆலம்பரைக் கோட்டை. இவற்றையெல்லாம் காண வருவோர் தொகை பெருகியிருக்கிறது. அவர்களை நம்பிக் கடற்கரைச் சாலையிலே தங்கும் விடுதிகளும் பெருகியிருக்கின்றன.

இந்தக் கரை விருந்தினரை அறியாத கரையன்று. ஓய்மானாட்டு நல்லியக்கோடன்மேல் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலே, பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையால் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லுகிறான். அந்த வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். அது மரக்காணப் பகுதியே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கொள்கை. அங்கே பரதவர் குடியில் சுட்ட மீன் கிடைக்கும். அப்பால் வேலூரிலே எயினர் வீட்டில் சுடுசோறு கிடைக்கும். ஆமூரிலே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும். முடிவில் கிடங்கில் என்னும் ஊரிலே அரசன் தானே அருகில் நின்று உண்பிப்பான். முதலில் இட்டவன் மீனவன், கடைசியில் இட்டவன் மன்னன் என்பதைக் கவனிக்க வேண்டும். வழியெங்கும் அந்தப் பாணனிடம் முன்பணம் கேட்டவர் எவருமில்லை!

பழங்கதையை விட்டுவிடுவோம். 1801-ஆம் வருஷத்தில் தஞ்சை மன்னர் சரபோஜி கும்பெனி அதிகாரிக்கு எழுதிய கடிதமொன்று இருக்கிறது. தம் முன்னோர் அமைத்த சத்திரங்களிலே எக்குலத்தவராயினும் வழிப்போக்கர் யாவருக்கும் உணவுண்டு என்றும், நோயுற்று மேலே நடக்க மாட்டாதவருக்கு வைத்தியமும் உண்டு என்றும் அவர் அதில் எடுத்துரைக்கிறார். ராஜ்யம் கைநழுவிப் போய்க்கொண்டிருந்த காலத்திலும் சத்திரங்கள் நடக்க வேண்டுமென்பது அவருடைய கவலையாயிருந்தது.

இனி நாம் கண்டதைச் சொல்லுவோம். உப்பளத் தொழிலாளரின் நிலைமையை நேரில் விசாரிப்பதற்காக நாமும் நண்பர் இருவரும் அப்பகுதிக்குச் சென்று, கடலோரத்து விடுதியொன்றில் இரண்டு நாள் தங்கினோம். கடலை நோக்கிய அறைக்கென்று முன்பணம் செலுத்தியிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது வாயிலில் வரவேற்க ஆளில்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு வந்தவர், அந்த அறை வேறொருவருக்கு அளிக்கப்பட்டுவிட்டதென்று கூறிப் பின்புறத்து அறையொன்றைக் காட்டினார். வருத்தம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. குழாயில் வந்த நீர் உவர்த்தது. நடுநிசிக்குமேல் அதுவும் வரவில்லை. மீனவர் குப்பம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க, உணவுச்சாலையில் மீன் இல்லையென்றார்கள். குறை சொல்லியபோது, "அப்படித்தான்" என்ற ஒரே பதில் கிடைத்தது.

இவை நம் சரீர சுகத்தைப் பற்றியவை, இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதவை இரண்டு. நம்மை அழைத்துச் சென்ற காரோட்டிக்குப் படுக்க இடமில்லை என்றார்கள். உணவுச்சாலையில் நம்முடன் அமர்ந்து உண்பதும் "வழக்கமில்லை" என்றார்கள். பணம் நாம் தருகிறோம் என்று சொல்லியும் பயனில்லை. பகல் முழுவதும் வண்டி ஓட்டிய மனிதர் இரவு முழுவதும் வண்டிக்குள்ளேயே கொசுக்கடியில் கிடந்தார். மறுநாட் காலையில் நம் அழைப்பின் பேரில் வந்த உப்பளத் தொழிலாளர் ஒருவரை, அறுபது பிராயத்துக்கு மேற்பட்ட பெரியவரை, காவலாளி வாயிலிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே விடலாகாதென்று உத்தரவாம்! நாம் வெளியே சென்று, எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடையிலே அவருடன் அமர்ந்து பேசினோம். அக்கடையை நடத்திய அம்மாள், கேளாமலே முதலில் தண்ணீர் கொடுத்தார். பெரியவருக்குப் பெஞ்சியைத் துடைத்துக் கொடுத்தார். அதன் பிறகே என்ன வேண்டுமென்று கேட்டார். விடுதியிலோ, புறப்படும்போது நீட்டிய கணக்குச் சீட்டிலே, அறை வாடகைக்கும் வரிக்கும் கீழே "சேவைக் கட்டணம்" என்று ஒரு வரி இருந்தது. எந்தச் சேவைக்கென்று நாம் கேட்டோம். விடை கிடைக்கவில்லை.

அந்த விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருவரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. நோய் ஒரு வீட்டில் மாத்திரம் இருப்பதுமன்று. சாலைப் பிரயாணம் செய்பவர்களில் இத்தகைய கதை சொல்லாதவர் அரியர்.

"விடுதி என்பது வியாபாரம், அறத்துக்கு இடும் சோற்றோடு அதை ஒப்பிடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். ஒப்பிடத்தான் வேண்டும். விலை வாங்கிக்கொண்டவனுக்குக் கடமை கூடுமேயன்றிக் குறையாது. வணிக தர்மம் என்பதும் தமிழருக்குத் தெரிந்த தர்மமே. வேறு சிலர், "உப்பளத்தில் வேகிறவன் நிழலுக்கு ஏங்கும்போது, அறையில் படுத்தவனின் தலையணையைப் பற்றித் தலையங்கமா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நம் விடை இது: அந்தத் தொழிலாளியை உள்ளே விடாத வாயிலும், பிரயாணியை மதியாத வாயிலும் ஒரே வாயில்தான். பணப்பையை மாத்திரம் பார்த்து மனிதனைப் பாராத கண், காசு இல்லாதவனைத் துரத்தும். காசு உள்ளவனையும் கறந்தபின் மறக்கும். ஆகவே இரண்டும் ஒரே வழக்கு.

இதே தமிழ்நாட்டில், இதே உப்பின் பொருட்டு, விருந்தோம்பல் ஒரு குற்றமாக்கப்பட்ட காலமுண்டு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜியின் தலைமையில் சத்தியாக்கிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரணியத்தை நோக்கி நடந்தார்கள். அப்போது தஞ்சாவூர் ஜில்லா கலெக்டராயிருந்த தார்ன் துரை, அவர்களுக்கு உணவோ உறைவிடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று விளம்பரம் செய்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் பகிரங்கமாகவே தம் இல்லத்தில் இடமளித்துச் சிறை புகுந்தார். ஏப்ரல் 28-இல் தொண்டர்கள் வேதாரணியம் சேர்ந்தபோது, வழியில் பட்டினி கிடந்தவர் எவருமில்லை. சோறிட்டால் சிறை என்ற காலத்தில் சோறிட்டார்கள் நம் பாட்டனார். சோறிட்டால் லாபம் என்ற காலத்திலே நாம் முகஞ்சுளிக்கிறோம். அன்று அச்சமூட்டிய கலெக்டர் இன்றில்லை. உப்பு வரியும் 1947-இல் ஒழிந்தது. இன்று நம் கையைத் தடுப்பவர் யார்?

சேவை வேறு, அடிமைத்தனம் வேறு என்பதையும் அந்த வேதாரணியமே நமக்குக் கற்பித்தது. போலீஸ்காரர்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் அங்கே நாவிதர் க்ஷவரம் செய்ய மறுத்தனர்; வண்ணார் துணி வெளுக்க மறுத்தனர். வைரப்பன் என்ற நாவிதர், பாதி க்ஷவரத்தில் தம் முன் இருப்பவர் போலீஸ்காரர் என்றறிந்து கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிறைக்குச் சென்ற சரித்திரத்தை அவ்வூரார் இன்றும் போற்றுகின்றனர். தன் தொழிலின் மானத்தை அறிந்தவனுடைய சேவைதான் சேவை. அச்சத்தினால் குனிகிறவனும், அலட்சியத்தினால் நிமிர்கிறவனும் விருந்தினனை வரவேற்க அறியார்.

அந்நியர் விடுதிகளில் நம்மவர் பட்ட அவமானத்தையும் இங்கே நினைவூட்டுவோம். 1893-இல் தென்னாப்பிரிக்காவிலே ஜோகானஸ்பர்க் நகரத்து கிராண்ட் நேஷனல் ஹோட்டலுக்குச் சென்ற காந்தியடிகளை மானேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடமில்லை என்றனுப்பினார். பிறகு பிரிடோரியாவில் ஜான்ஸ்டன் என்ற விடுதிக்காரர் இடமளித்தார். ஆனால் உணவை அறையிலேயே கொள்ள வேண்டுமென்று நிபந்தனை விதித்தார். விதித்தவர் அதோடு நிற்கவில்லை. மற்ற விருந்தினரைக் கலந்துகொண்டு, அவர்களுக்கு ஆக்ஷேபமில்லை என்றறிந்ததும், தாமே வந்து மன்னிப்புக் கேட்டு உணவுச்சாலைக்கு அழைத்தார். நிறவெறி கோலோச்சிய தேசத்தில் ஒரு விடுதிக்காரர் காட்டிய அந்தச் சிறு நேர்மையை, குடியரசு நாட்டின் விடுதிகளில் எதிர்பார்ப்பது மிகையா?

நம் சொந்தக் குற்றத்தையும் மறைக்கலாகாது. தேசிய இயக்கத்தின் செல்லப் பிள்ளையாயிருந்த சேரமாதேவி குருகுலத்திலேயே 1924, 1925-ஆம் வருஷங்களில் தனிப்பந்தி என்ற விஷயம் கிளம்பித் தமிழ்நாட்டுக் காங்கிரஸை இரண்டுபடுத்தியது. தேசபக்தி பேசிய வாயும் பந்தியில் பேதம் பார்த்தது. அந்தப் பழியைத் துடைப்பதற்கென்றே 1950 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவில், மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்ற காரணங்களால் எந்தப் பிரஜையையும் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் விடுதிகளிலும் தடை செய்யலாகாதென்று எழுதப்பட்டது. இன்றைய விடுதிக்காரர் சாதியைக் கேட்பதில்லை. காலில் செருப்பு இருக்கிறதா, வேட்டியில் உப்புக் கறை இருக்கிறதா என்று பார்க்கிறார். கேள்வி மாறியிருக்கிறது, வெளியே நிற்கும் மனிதர் பெரும்பாலும் மாறவில்லை. சாசனத்தின் எழுத்துக்கு அகப்படாமல் அதன் நோக்கத்தைக் கொல்லும் வழி இது.

நோயின் மூலம் எங்கே? சிப்பந்திகளைத் திட்டுவதால் பயனில்லை. நாம் தங்கிய இடத்தில் பன்னிரண்டு அறைகளுக்கு இரண்டு இளைஞர்கள். இருவரும் வடநாட்டினர்; வந்து சில மாதங்களே ஆகின்றன. பெட்டி தூக்குவதும் படுக்கை விரிப்பதும் பரிமாறுவதும் கழிப்பறை கழுவுவதும் அவர்களே. இரவில் அவர்கள் படுப்பது மாடிப்படியின் கீழே. தமிழ் தெரியாதென்று அவர்கள்மேல் கோபங்கொள்வது அறியாமை. அவர்களும் வயிற்றுக்காக வந்த இந்தியப் பிரஜைகளே. தாம் உபசரிக்கப்படாதவர் பிறரை எவ்வாறு உபசரிப்பர்? தன் வேலையாளுக்குப் படுக்க இடம் கொடாத முதலாளி, பிறர் காரோட்டிக்குக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். கட்டடத்துக்கும் விளக்குக்கும் விளம்பரத்துக்கும் கோடி கொட்டுகிறவர்கள், மனிதருக்குக் கூலி கொடுக்கும் இடத்தில் கையை முடக்குகிறார்கள். உபசாரக் குறைவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. முதலாவது பரிகாரம் பிரஜைகளின் கையில் இருக்கிறது. 2020-இல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பணம் பெற்றுக்கொண்டு சொன்னபடி சேவை செய்யாமை வழக்குக்குரிய குறைபாடு. செலுத்திய தொகை ரூ. 5 லட்சம் வரையாயின் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. தான் வசிக்கும் ஜில்லாவிலேயே மனுச் செய்துகொள்ளலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். சேவைக் கட்டணத்தைக் கணக்குச் சீட்டில் தாமாகச் சேர்க்கலாகாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் விதித்தது; அதை டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28-இல் நிலைநிறுத்தியது. காரோட்டிகள் விஷயத்திலும் தமிழ்நாடு சர்க்கார் 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகளில் விருந்தினரின் ஓட்டுநர்கள் தங்குமிடமும் கழிப்பறையும் குளியலறையும் அமைக்கப்பட வேண்டுமென்று விதித்திருக்கிறது. விதிகள் இருக்கின்றன, கேட்பவர் இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு வழக்கா என்று நாம் வெட்கப்படுகிறோம். ஒரு பிடி உப்பின் விலை என்னவென்று காந்தியடிகள் கணக்குப் பார்த்திருந்தால் தண்டி யாத்திரை நடந்திராது.

இரண்டாவது பரிகாரம் விடுதி முதலாளிகள் கையில் இருக்கிறது. அவர்கள் உள்ளூராரை வேலைக்கு வைக்கட்டும்; வெளியூராரை வைத்தாலும் தங்க நல்ல இடமும் நியாயமான சம்பளமும் ஓய்வும் கொடுக்கட்டும். குப்பத்து மீனையும் உள்ளூர்க் காய்கறியையும் வாங்கட்டும். வாயிலில் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு பெஞ்சியும் வைப்பதால் எந்த விடுதியும் திவாலாகிவிடாது.

மூன்றாவது பரிகாரம் சர்க்கார் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் வேலையின்றி நிற்கும் உப்பளத் தொழிலாளருக்கு நிவாரணமாக ரூ. 5,000 வழங்கும் திட்டத்தை அது வகுத்திருக்கிறது. நன்று, ஆனால் அம்மாதங்களிலேதான் கழுவெளியில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகின்றன. பறவைகளைக் காண மனிதரும் வருகிறார்கள். உப்பு வேலை ஓய்ந்திருக்கும் போது விருந்தினர் வேலை தொடங்குகிறது என்ற இந்தப் பொருத்தத்தைச் சர்க்கார் ஏன் கவனிக்கலாகாது? உப்பளக் குடும்பங்களும் மீனவக் குடும்பங்களும் கூட்டுறவு முறையில் நடத்தும் எளிய தங்குமிடங்களுக்குக் கடனும் பயிற்சியும் அளித்தால், பெரிய முதலாளியின் தயவின்றியே அக்கரையில் பிரயாணிக்குச் சுத்தமான அறையும் சுடுசோறும் கிடைக்கும். உழைப்பவர் வீட்டிலும் அடுப்பு எரியும். 2024 நவம்பர் 30-இல் பெஞ்சால் புயல் புதுவையருகே கரை கடந்தபோது இப்பகுதி பட்ட பாட்டை நாடு அறியும். உப்பு ஒன்றையே நம்பியிருக்கும் குடிகளுக்கு இரண்டாவது கைத்தொழில் அவசியம்.

தமிழர்களே! வழிப்போக்கனை வாடச் செய்வது ஒரு கடுஞ்சொல் கூட அன்று, மாறிய முகமே போதும் என்று உணர்ந்தவர் வள்ளுவர். அவருடைய நூலைப் பள்ளியில் படித்துவிட்டு, விடுதி வாயிலில் மறந்துவிடுகிறோம். நாலு வழிச் சாலை போடுவதால் மாத்திரம் ஒரு நாடு நாகரிக நாடாகிவிடாது; அச்சாலையில் வருகிற மனிதன், காரில் வந்தாலும் கால்நடையாக வந்தாலும், தண்ணீருக்கும் நிழலுக்கும் மரியாதைக்கும் பாத்தியப்பட்டவன் என்று அந்நாடு ஒப்புக்கொள்ள வேண்டும். இனி எந்த விடுதியில் தங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: காரோட்டிக்கு இடம் உண்டா? வேலையாளுக்குப் படுக்கை உண்டா? உள்ளூர் மனிதர் எம்மைக் காண உள்ளே வரலாமா? இம்மூன்றுக்கும் இல்லை என்ற விடை வருமானால், பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த வாயிலுக்குச் செல்லுங்கள். காரணத்தை அவர்களிடம் உரக்கச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.